பாலன் குடிலும் தறப்பாளும்

மார்கழியில், கிறிஸ்மஸ் என்கிற நத்தாருக்கு, இலங்கையின் வடக்கே வன்னியில் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் பாலன் குடில் கட்டுகிறவர்களுக்கு முதல் எதிரி மழைதான். வைக்கோல் ஊறிப் புளித்த மணம் வரும். மண்ணால் செய்த இடையர் ஒரு பக்கம் கரைந்து சாய்வார். பேப்பரைக் கசக்கிச் சாயம் பூசி மலை செய்திருந்தால் இரண்டாம் நாளே அது கூழ். அதனால் முற்றத்தில் கட்டுகிற குடிலுக்கு மேலே ஒரு தறப்பாள் (தார்ப்பாய்) துண்டு கட்டாயம் வேண்டும்.

எங்கள் வீட்டில் அதற்கென்று வைத்திருந்தது ஒரு வெள்ளைத் தறப்பாள். போர் முடிந்த 2009இல், இடம்பெயர்ந்தோர் முகாமில் தந்தது. அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனத்தின் நீல எழுத்துகள் அதில் பாதி அழிந்து கிடந்தன. எழுத்துள்ள பக்கத்தை வெளியே போடுவதா உள்ளே போடுவதா என்று ஒவ்வொரு வருடமும் சின்னதாக ஒரு வாக்குவாதம் நடக்கும். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மாமா ஒருமுறை இதைக் கண்டு முகம் சுளித்தார். "என்னக்கா இது, நத்தார் நாளில அகதி முகாம் மாதிரி? நான் காசு தாறன், நல்லதா ஏதும் வாங்கிப் போடுங்கோ" என்றார். அம்மா பலகாரச் சட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "இருக்கட்டும் தம்பி. அவரும் எங்களை மாதிரித்தானே வந்தவர்" என்றார்.

அம்மா இறையியல் படித்தவரில்லை. ஆனால் 325ஆம் ஆண்டில் நிசேயா என்ற ஊரில் திருச்சபையின் ஆயர்கள் சங்கமாகக் கூடி வாதாடியது கிட்டத்தட்ட இந்த ஒரு வசனத்தைப் பற்றித்தான். அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியுஸ் என்ற குரு, இயேசு மிக உயர்ந்தவர்தான், ஆனாலும் கடவுளால் படைக்கப்பட்டவர், கடவுளுக்கு ஒரு படி கீழே என்று போதித்து வந்தார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். எல்லாம் வல்லவர் எங்கே, மாட்டுத் தொட்டியில் கிடக்கிற பிள்ளை எங்கே? ஆனால் சங்கம் அதை ஏற்கவில்லை. பிறந்தவர் தந்தையோடு ஒரே பொருளானவர், மெய்யான கடவுள் என்று அறிக்கையிட்டது.

1700 வருடத்துக்கு முந்திய சண்டை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். வன்னியில் இருப்பவருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். நாங்கள் எத்தனையோ பேர் வந்து பார்த்துவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள். வாகனம் வந்து நிற்கும். இறங்குகிறவர் கொப்பியில் எழுதுவார், தலையாட்டுவார், பிள்ளைகளின் கன்னத்தைத் தட்டுவார், பொழுதுபடுவதற்குள் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரது வேலை அது. ஆரியுஸ் சொன்னது சரியென்றால் பெத்லெகேமுக்கு வந்தவரும் அப்படி ஒரு பிரதிநிதிதான். அனுப்பியவர் தலைமையகத்திலேயே இருந்துவிட்டார். திருச்சபை நத்தாரில் கொண்டாடுவது வேறொன்றை. பிரதிநிதியை அனுப்பாமல் அவரே வந்தார், வந்து தங்கினார், திரும்பிப் போக வாகனம் வைத்துக்கொண்டு வரவில்லை. இதைத்தான் 'மனுவுருவாதல்' என்று மறைக்கல்வியில் படிப்பிக்கிறார்கள். சொல் பெரிது, விஷயம் அம்மா சொன்னதுதான்.

இந்த நம்பிக்கையை உடம்பாலும் காட்டுகிற ஒரு நொடி நத்தார்த் திருப்பலியில் உண்டு, பலர் கவனிப்பதில்லை. விசுவாச அறிக்கையைச் சொல்லிக்கொண்டு வரும்போது 'மனிதர் ஆனார்' என்ற இடத்தில் மற்ற ஞாயிறுகளில் தலையைத் தாழ்த்துவார்கள். மங்கள வார்த்தைத் திருவிழாவிலும் நத்தாரிலும் மட்டும் அந்த வரிக்கு எல்லோரும் முழந்தாளிடுவார்கள். கோயில் நிறைந்து, வெளியே பந்தலுக்குள்ளும் ஆட்கள் நிற்கிற இரவு அது. புதுச் சாறியோடு சேற்றில் எப்படி முழந்தாளிடுவது என்று தயங்குகிறவர்களும், பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து அரைகுறையாக முழங்காலை மடக்குகிறவர்களும் இருப்பார்கள். கடவுள் கீழே இறங்கினார் என்று சொல்லும் வாய்க்கு உடம்பும் கொஞ்சம் கீழே இறங்கவேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஒரு வரிதான், அப்புறம் எழும்பிவிடலாம்.

நத்தார் என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. பிறப்பு என்று பொருள்படும் 'நத்தால்' எங்கள் வாயில் நத்தார் ஆனது. குருசு, பாதிரி, மேசை, அலுமாரி எல்லாம் வந்த அதே கப்பலில் வந்த சொல். டிசம்பர் 25 என்ற திகதி நற்செய்தியில் எங்குமே இல்லை. உரோமையில் நான்காம் நூற்றாண்டில்தான் அந்த நாளில் விழா எடுத்ததற்குப் பதிவு கிடைக்கிறது. ஆர்மேனியத் திருச்சபையினர் இன்றைக்கும் ஜனவரி 6இல்தான் கொண்டாடுகிறார்கள். விசுவாசிக்கு இது இடறலாக இருக்க வேண்டியதில்லை. திகதியை அல்ல, வந்தார் என்பதைத்தான் கொண்டாடுகிறோம்.

நத்தாருக்கு மூன்று திருப்பலிகள் உண்டு: நள்ளிரவு, விடியல், பகல். நள்ளிரவில் லூக்கா எழுதிய கதை வாசிக்கப்படும்: பெத்லெகேம், தொட்டி, இடையர். பகல் திருப்பலிக்கு வருகிறவர்கள் குறைவு. நித்திரை முழித்த களைப்பு, கோழிக்கறி வேலை. ஆனால் விழாவின் சாரம் அந்தப் பகல் திருப்பலியின் வாசகத்தில்தான் இருக்கிறது. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம். அதில் மாடும் இல்லை, இடையரும் இல்லை. "வாக்கு மனிதர் ஆனார்; நம்மிடையே குடிகொண்டார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார் யோவான். பழைய மொழிபெயர்ப்பில் "மாம்சமாகி" என்று இருக்கும். அதுதான் மூலத்துக்குக் கிட்ட. மனிதர் என்றால் கொஞ்சம் மரியாதையாகக் கேட்கிறது. மாம்சம் என்றால் இறைச்சி, தோல், காய்ச்சல், பசி.

'குடிகொண்டார்' என்ற சொல்லில்தான் எங்கள் தறப்பாள் வருகிறது. அந்த இடத்தில் யோவான் எழுதிய கிரேக்கச் சொல்லின் வேர் 'ஸ்கேனே'. கூடாரம் என்று பொருள். சொல்லுக்குச் சொல் எடுத்தால், அவர் நம் நடுவே கூடாரம் அடித்தார். கல்வீடு கட்டிக் குடிபுகுந்தார் என்று எழுதவில்லை. யோவானின் காலத்து யூத வாசகருக்கு உடனே நினைவுக்கு வந்திருக்கக்கூடியது பாலைவனத்துச் சந்திப்புக் கூடாரம். எகிப்திலிருந்து தப்பி வந்த மக்கள் நாற்பது வருடம் இடம் மாறி மாறி அலைந்தபோது கடவுளின் பிரசன்னமும் கூடாரத்திலேயே கூட வந்தது. சனம் கழற்றினால் அதுவும் கழற்றப்படும். சனம் அடித்தால் அதுவும் அடிக்கப்படும். பின்னாளில் தாவீது அரசர், நான் கேதுரு மர மாளிகையில் இருக்கிறேன், கடவுள் கூடாரத்தில் இருக்கிறாரே என்று கவலைப்பட்டுக் கோயில் கட்ட நினைத்தார். அதற்குக் கிடைத்த மறுமொழி, எனக்கு வீடு கட்டித்தா என்று நான் எப்போதாவது கேட்டேனா என்பதுதான். அந்த அதிகாரம் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 24 காலைத் திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. வாசிக்கிற நேரத்தில் பாதிப் பேர் கோயிலுக்கு வெளியே அலங்கார விளக்குக்கு வயர் இழுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு கதை.

கூடாரத்தில் கூடவே வருகிற கடவுள் என்பது வன்னிக் கத்தோலிக்கருக்குப் புத்தகத்தில் படித்த விஷயம் இல்லை. மடு மாதாவின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்குப் போன பிறகு கத்தோலிக்கருக்கு நெருக்கடி. குருக்கள் துரத்தப்பட்டார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். இருபது குடும்பம் என்பது மரபு. அவர்கள் நின்ற இடம்தான் மருதமடு. பாதிரியே இல்லாத அந்தக் காலத்துத் திருச்சபையைத் தேடி 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் இப்போது புனிதர். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டு அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார்.

போர்க்காலத்தில் மடு வளாகம் முழுக்கத் தறப்பாள் கொட்டில்கள். மாதாவின் காலடி என்றால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு அந்த வளாகத்திலும் எறிகணை விழுந்து, தஞ்சமடைந்திருந்தவர்களில் சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை கிட்ட வந்தபோது சுரூபமே இடம்பெயர்ந்தது. தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள், ஆகஸ்டில் திரும்பியது. சுரூபம் வேறு, கடவுள் வேறு என்பது எங்கள் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனாலும் மாதாவும் எங்களைப் போல இடம்பெயர்ந்துவிட்டா என்று சனம் கதைத்த தொனியில் துக்கத்தோடு ஒரு சொந்தமும் இருந்தது. யோவான் எழுதிய வரிக்கு உரை வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்த நல்ல உரை அந்தத் தொனிதான்.

இனி லூக்காவின் கதை. அது ஒரு பதிவில் தொடங்குகிறது. உலகம் முழுவதையும் கணக்கெடுக்கும்படி அகுஸ்து சீசர் கட்டளையிட்டார், தங்கள் பெயரைப் பதிவு செய்ய எல்லோரும் அவரவர் ஊருக்குப் போனார்கள் என்று. இந்தக் கணக்கெடுப்பு எந்த வருடம் நடந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய இழுபறி உண்டு; லூக்கா சொல்கிற குரேனியு ஆளுநரின் காலமும் ஏரோதின் காலமும் லேசில் பொருந்தாது. அதை அவர்களிடம் விட்டுவிடலாம். நான் கவனிப்பது வேறு. மீட்பர் பிறந்த கதையை ஒரு வானதூதரின் பாட்டோடு தொடங்கியிருக்கலாம். லூக்கா அதைப் பதிவு வரிசையில் தொடங்குகிறார். நாசரேத்திலிருந்து பெத்லெகேம் கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வரையான தூரம். நிறைமாதக்காரி. போகாமல் விடமுடியாது, ஏனென்றால் பதிவு.

வன்னியில் 'பதிவு' என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் சிலர் எழும்பி நின்றுவிடுவார்கள். கிராம சேவகரான ஜீ.எஸ்.இடம் பதிவு, முகாமில் பதிவு, நிவாரண அட்டைக்குப் பதிவு, மீள்குடியேற்றத்துக்குப் பதிவு. குடும்ப விபரம் எழுதும்போது ஒரு பெயர் விடுபட்டால் ஒரு பங்கு அரிசி விடுபடும். இருக்கிறவரின் பெயரைச் சொல்வது லேசு. இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவரின் பெயரைக் கேட்கும்போதுதான் வாய் வராது. அப்படி ஒரு பட்டியலுக்குள்தான் கடவுள் தன் பெயரையும் கொடுக்க வந்தார் என்பதை வன்னியில் யாருக்கும் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

"விடுதியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை" என்ற வரியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். கரோல் நாடகங்களில் இந்த இடம் வந்தால் ஒரு விடுதிக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்துவார். பார்க்கிற பிள்ளைகள் கூவுவார்கள். பாவம், அப்படி ஒரு விடுதிக்காரர் நற்செய்தியில் கிடையாது. லூக்கா அங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'கத்தலூமா'. கடைசி இராவுணவு நடந்த அறைக்கும் அவர் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். நல்ல சமாரியர் கதையில் வருகிற, காசு கொடுத்துத் தங்கும் சத்திரத்துக்கு வேறு சொல் வைத்திருக்கிறார். ஆகவே இது விருந்தினருக்கு விடும் அறையாக இருக்கலாம் என்று விவிலிய அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். யோசேப்பின் சொந்த ஊர், சொந்தக்காரர் வீடு. பதிவுக்கு வந்த சனத்தால் அறை நிறைந்துவிட்டது. மாடு கட்டுகிற பகுதியில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை முதன்முதலில் ஒரு பாதர் பிரசங்கத்தில் சொன்னபோது கோயிலில் ஒரு சிரிப்பு பரவியது. யாருக்குத்தான் அந்த வீட்டைத் தெரியாது? கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், தருமபுரத்திலிருந்து விசுவமடு என்று இடம்பெயர்ந்து போன நாட்களில் ஒரு வீட்டில் ஐந்து குடும்பம். அறைக்குள் வயது போனவர்கள், விறாந்தையில் பெட்டைப் பிள்ளைகள், மாட்டுக்கொட்டிலைக் கூட்டி மெழுகிவிட்டு அதற்குள் கைக்குழந்தைக்காரி. மாட்டுச் சூட்டில் பிள்ளைக்குக் குளிராது என்று வீட்டுக்கார அம்மா சொல்லியிருப்பார். அது விரட்டிய கதவு இல்லை. இடமில்லாத வீடு தன்னைக் கொஞ்சம் ஒடுக்கிக்கொண்டது. 2018இல் நத்தாருக்கு மூன்று நாலு நாளைக்கு முன் பெருமழை பெய்து, இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் வெள்ளத்தில் நின்றபோதும் இதைத்தான் பார்த்தோம். பாடசாலை மண்டபத்தில் வாங்கில்களைத் தள்ளிவிட்டுப் பாய் விரித்து, அந்த வருடத்து நத்தார்.

குடிலில் வைக்கிற மாடும் கழுதையும் நற்செய்தியில் இல்லை. "காளை தன் உடைமையாளனை அறியும், கழுதை தன் தலைவன் தீனி போடும் இடத்தை அறியும், என் மக்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது" என்ற பொருளில் எசாயா இறைவாக்கினர் கோபத்தில் சொன்னதிலிருந்து அவை வந்து சேர்ந்தன. 1223இல் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் அசிசி பிரான்சிஸ் உண்மையான மாட்டையும் கழுதையையும் நிறுத்தித் திருப்பலிக்கு ஏற்பாடு செய்தார். நாங்கள் இன்றைக்குக் கட்டுகிற குடிலுக்கு அதுதான் மூத்தது. உயிருள்ள கழுதை வேண்டுமென்றால் எங்களுக்குக் கஷ்டமில்லை, மன்னார்ப் பட்டினத்துத் தெருவில் போதுமட்டும் நிற்கின்றன.

தொட்டிக்கு மட்டும் நற்செய்தியில் இடம் உண்டு, அதுவும் மூன்று தடவை. மாடு தீன் தின்கிற தொட்டி. பெத்லெகேம் என்ற எபிரேயச் சொல்லுக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். தீன் வைக்கிற இடத்தில் கிடத்தப்பட்ட பிள்ளை பின்னாளில் "நானே உணவு" என்று சொல்லப்போகிறவர் என்று திருச்சபைத் தந்தையர் எழுதினார்கள். நள்ளிரவில் பாலனை முத்தமிட்டுவிட்டு அதே வரிசையில் நற்கருணை வாங்குகிற கத்தோலிக்கர் இரண்டையும் தனித்தனியாக நினைப்பதில்லை.

இடையர்களைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. வன்னியில் பட்டி மாடு வைத்திருப்பவர்களையும், பெரும்போக வயலில் யானைக்கும் பன்றிக்கும் இரவு முழுக்கக் காவல் இருப்பவர்களையும் நினைத்துக்கொண்டால் போதும். நத்தார் இரவில் கோயிலுக்கு வரமுடியாத ஆட்கள் அவர்கள்தான். நற்செய்திப்படி செய்தி முதலில் போனதும் அவர்களிடம்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆறுதலான பக்கம். வன்னியில் நத்தாரைப் பற்றி எழுதுகிறவர் இதோடு நிறுத்தினால் பொய் சொன்னதாகும்.

திருச்சபை நத்தாருக்கு அடுத்த நாட்களை விசித்திரமாக அடுக்கி வைத்திருக்கிறது. 26, கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைசாட்சி ஸ்தேவான். 28, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகள். கேக் முடிவதற்குள் இரத்தம். இடையில் வருகிற ஞாயிறு திருக்குடும்பத் திருவிழா. 2004இல் 26ஆம் திகதியே ஞாயிறாக வந்தது. அந்த வருடத்து வாசக ஒழுங்கின்படி அன்றைய நற்செய்தி மத்தேயு 2ஆம் அதிகாரம்: எழுந்து, பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு தப்பி ஓடு என்று யோசேப்புக்குக் கனவில் சொல்லப்படுகிற பகுதி. காலை ஒன்பது மணியளவில் கடல் முல்லைத்தீவுக்குள் வந்தது. கரையோரத்தில் நத்தார் அலங்காரம் கழற்றாத வீடுகள். இராயப்பர் (பேதுரு) கோயில் போனது. ஆயிரக்கணக்கானோர் போனார்கள், அதில் பிள்ளைகள் எத்தனையோ.

வாசக ஒழுங்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த ஞாயிறு வாசகம் 15ஆம் வசனத்தில் நின்று 19ஆம் வசனத்துக்குத் தாண்டும். இடையில் விடுபடுவது பெத்லெகேம் குழந்தைகள் கொல்லப்படும் மூன்று வசனங்கள். அவை இரண்டு நாள் கழித்து, 28ஆம் திகதி வாசிக்கப்படும். ஞாயிற்றுக்கிழமை விடுபட்ட வசனங்கள் செவ்வாய்க்கிழமை வந்தபோது முல்லைத்தீவு தன் பிள்ளைகளை அடக்கம் செய்துகொண்டிருந்தது.

அந்த மூன்று வசனங்களில் ஒன்று, இராமாவில் கேட்கும் குரலைப் பற்றியது: இராகேல் தன் குழந்தைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள், ஏனெனில் அவர்கள் அவளோடு இல்லை. எரேமியாவிடமிருந்து மத்தேயு எடுத்து வைத்தது. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோயிலடியில் போராட்டம் தொடங்கினார்கள். அவர்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. எத்தனை நத்தார் அந்தப் பந்தலைக் கடந்து போயிருக்கும். ஆறுதல் பெற மறுக்கிற ஒரு தாயை நற்செய்தி திருத்தப் பார்க்கவில்லை, புத்திமதி சொல்லவில்லை. அவளது அழுகையைப் பாலன் பிறப்புக் கதைக்குள்ளேயே, வானதூதர் பாட்டுக்கும் ஞானிகளின் பொன்னுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டது. நத்தார்ப் பிரசங்கங்களில் இந்த இராகேல் வருவது மிகக் குறைவு. எனக்கு அது ஒரு குறை.

வந்தவர் கடவுள் என்றால் ஏன் ஒன்றும் செய்யவில்லை? முள்ளிவாய்க்கால் மணலைத் தாண்டி வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முகாமில் நத்தார் ஆயத்தம் நடந்தபோது பாதரிடம் நேரே கேட்டார். "பாதர், அவர் பிறந்து எங்களுக்கு என்ன நடந்தது?" பாதர் உடனே மறுமொழி சொல்லவில்லை. குடிலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தவர் கம்பை விட்டுவிட்டு அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினார். கனநேரம் இருவரும் பேசவில்லை.

இறையியல் சொல்கிற மறுமொழி பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது: தம்மையே வெறுமையாக்கி, அடிமையின் வடிவை ஏற்றார். வல்லமையைக் கையில் வைத்துக்கொண்டு வேடம் போட்டு வரவில்லை. குழந்தையின் இயலாமையை உண்மையாகவே எடுத்துக்கொண்டார். பசித்தால் அழத்தான் தெரியும். ஏரோதின் ஆட்கள் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட இன்னொருவர் வேண்டும். குடிலையும் சிலுவையையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்று திருச்சபை சொல்வது இதனால். வேதனைக்கு விளக்கம் தருவதாக நத்தார் சொல்லவில்லை. வேதனைக்குள் தனியே விடப்படவில்லை என்று மட்டும் சொல்கிறது. 'இம்மானுவேல்', கடவுள் நம்மோடு. இது போதுமா என்று கேட்டால், ஊர்க்காரருக்குப் போதவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நத்தாரில் குடிலுக்கு விளக்குப் பிடித்தது அவர்தான்.

நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகள் திருவருகைக்காலம். ஊதா உடுப்பு, நான்கு மெழுகுதிரி, 'உன்னதங்களிலே' பாட்டு கிடையாது. காத்திருக்கப் பழக்குகிற காலம் என்பார்கள். இரணைதீவுச் சனம் 1992இல் தீவை விட்டு வந்து, எதிர்க்கரையில் இரணைமாதாநகரில் இருந்துகொண்டு 2018 ஏப்ரலில்தான் படகேறித் திரும்பினார்கள். அவர்களுக்கு ஊதாநிறத்தின் அர்த்தம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

எல்லாச் சபையினரும் ஒரே மாதிரிக் கொண்டாடுவதில்லை. மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபைக்காரருக்குக் கரோல் ஆராதனைதான் பெரிது. சில சபைகளில் குடிலும் சுரூபமும் இல்லை. பிரசங்கமும் சாட்சியும் சாப்பாடும். பாடசாலைகளில் ஒளி விழா வந்தால் மரியாளாக நடிக்கிறது பெரும்பாலும் திருநீறு பூசுகிற வீட்டுப் பிள்ளை. பயற்றம்பணியாரமும் கொக்கிசும் கேக்கும் தட்டில் வைத்து வேலிக்கு மேலால் போகும்; தைப்பொங்கலுக்கு அதே தட்டில் புக்கை திரும்பி வரும். வெறுந்தட்டைக் கொடுக்கக்கூடாது என்று இரண்டு பக்கமும் தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிப்பதில்லை. வெளிநாட்டுக் காசு வரத்தொடங்கிய பிறகு குடில்களுக்குள்ளும் போட்டி. நீர்வீழ்ச்சி, சுழலும் நட்சத்திரம், எல்.ஈ.டி. விளக்கில் கண் கூசுகிற பாலன். பன்னிரண்டு மணிக்கு வெடி கொளுத்துவார்கள். அந்தச் சத்தத்துக்கு இன்றைக்கும் என் பெரியம்மா வாங்கிலிலிருந்து சறுக்கி நிலத்தோடு இருந்துவிடுவார், ஒரு கையால் பக்கத்தில் நிற்கிற பிள்ளையையும் இழுத்துக்கொண்டு. அந்த நேரத்தில் பாலன் சுரூபத்தைத் தொட்டியில் வைப்பார்கள், மணி அடிக்கும், 'உன்னதங்களிலே' தொடங்கும். பெரியம்மா நிலத்தில் இருந்தபடியே பாடுவார்.

மூவிராசாக்கள் திருவிழா முடிந்ததும் குடிலைப் பிரிப்போம். சுரூபங்களைப் பேப்பரில் சுற்றிப் பிஸ்கட் பெட்டிக்குள் வைப்பது தங்கச்சியின் வேலை. வைக்கோல் மாட்டுக்குப் போகும். தறப்பாளை அம்மா கிணற்றடியில் விரித்துத் தும்புத்தடியால் சேறு போகத் தேய்த்து, வேலியில் காயப்போட்டு மடித்து வைப்பார். மாசியில் நெல் காயவைக்க அது வேண்டும்.